காலுக்கு ஒரு வழி

திண்டிவனத்தினின்றும் புதுச்சேரி நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், புதுச்சேரியை அணுகுமுன் கிழக்கே பிரியும் கிளைவழியொன்று இரும்பை என்னும் சிற்றூரைச் சென்று சேர்கின்றது. விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தைச் சார்ந்த இவ்வூர், திருஞானசம்பந்தர் பாடல் பெற்ற மாகாளத்தால் பெயர் பெற்றது. தொண்டைநாட்டுத் தலங்கள் முப்பத்திரண்டனுள் ஒன்று. இவ்வூர் எமது ஊர். ஆண்டு மலருக்கு யாதேனும் எழுதித் தருக என்று கேட்கப்பெற்றபொழுது, கோயிலின் தலவரலாற்றையோ கடுவெளிச் சித்தர் கதையையோ யாம் எழுதுவோமென்றே நண்பர் பலர் எதிர்பார்த்தனர். அவற்றை எம்மினும் நன்கு எழுத வல்லார் உளர். யாம் எழுத எண்ணியது, அவ்வூரிலிருந்து ஒருவர் நடந்தோ மிதிவண்டி ஏறியோ வெளியே சென்று நலமே வீடு திரும்புதல் எளிதா அரிதா என்பதைப் பற்றியே. “இதுவும் கட்டுரைக்கு ஒரு பொருளா?” என்று நகைத்தார் ஒரு நண்பர். அவர் சென்னையில் காரில் திரிபவர்; ஆதலின் அவரை மன்னித்தோம்.

எம் தந்தையார் புதுச்சேரி ஆங்கிலோ பிரெஞ்சு நூற்பாலையில் வேலை பார்த்தவர். 1898 ஆம் ஆண்டில் தொடங்கி 2020 ஆம் ஆண்டில் மூடப்பெற்ற அவ்வாலையை எம் பக்கத்தார் ரோடியர் மில் என்றே வழங்குவர். நாள்தோறும் ஏழு மைல் போவதும் ஏழு மைல் மீள்வதும் அவர்க்கு மிதிவண்டியிலேதான். கைப்பிடியில் தூக்குச்சட்டி தொங்கும். பின்னால் சில நாள் வாழைத்தார் இருக்கும், சில நாள் யாம் இருப்போம். இரவு முறைக்குச் செல்லுங்கால் டைனமோ விளக்கு முன்னே மினுக்கும். சுற்றூர்களினின்றும் இவ்வாறே சென்றவர் பலர். தேகப்பயிற்சி என்னும் சொல்லை எம் தந்தையார் வாயிலிருந்து யாம் ஒருநாளும் கேட்டதில்லை. இன்று எழுபத்தாறு வயதிலும் மாடிப்படி ஏறி மூச்சிரைக்காது நின்று, ஏறி வந்தது எதற்கு என்பதை மட்டும் மறந்து எம்மைக் கேட்பார். எம் இளவலோ அதே புதுச்சேரிக்கு அதே வழியில் மோட்டார் சைக்கிளிற் சென்று, பகலெல்லாம் நாற்காலியில் அமர்ந்து மீள்கின்றான். முப்பத்தெட்டு வயதில் அவனுக்கு நீரிழிவு கண்டுவிட்டது.

ஒரு குடும்பத்தை வைத்து மருத்துவம் பேசுதல் அறிவுடைமையன்று என்பதை யாமும் அறிவோம். ஆயினும் இதனையொத்த ஒப்பீட்டைப் பெருங்கூட்டத்தின் நடுவே செய்து பார்த்தவர் ஒருவர் உண்டு. ஜெரமையா மாரிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவர், இலண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளிலும் பிற வண்டிகளிலும் பணிசெய்த ஏறக்குறைய 31,000 பேரை ஆராய்ந்து, 1953 ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில், ஒரே தெருப்புழுதியில், ஒரே நிர்வாகத்தின்கீழ் உழைப்பவர். ஒருவர் இருந்த இடத்தைவிட்டு அசையாதவர். மற்றவர் சீட்டுக் கொடுக்க நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குபவர். இதய நோய் ஓட்டுநர்க்கே மிகுதியாகவும் கடுமையாகவும் கண்டது. நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொண்டு சென்ற தபால்காரர்க்கும், அதே துறையில் மேசைமுன் அமர்ந்த எழுத்தர்க்கும் இடையே இதே வேறுபாட்டை அவர் கண்டார். எமக்கு இதில் வியப்பளிப்பது வேறொன்று. அந்நடத்துநர் எவரும் உடல்நலம் கருதிப் படியேறியவர் அல்லர். படி அங்கே இருந்தது. வேலை அவரை ஏற்றிற்று. எம் தந்தையாரும் அவ்வாறே. ஆலை ஏழு மைலுக்கு அப்பால் இருந்தது. இடையே மிதிவண்டி செல்லத்தக்க வழியும் இருந்தது.

அவ்வழி இன்று இல்லை என்பதே எம் முறையீடு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த பேராய்வொன்று 2023 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நம் நாட்டில் நீரிழிவு உடையார் 10 கோடிக்கு மேற்பட்டோர் என்று அது கூறிற்று. மாநிலவாரியாகப் பார்க்குங்கால், கோவாவை அடுத்து இரண்டாம் இடத்தில் நின்றது எம் அண்டை வீடாகிய புதுச்சேரி. ஆங்கு வயது வந்தோருள் நூற்றுக்கு 26 பேர்க்கு மேல் இந்நோய் உடையார். உணவும் பரம்பரையும் இதற்குக் காரணமாவனவே. ஆயினும் அசையாதிருத்தலின் பங்கினை மறுப்பார் இலர். வயது வந்தோர் வாரத்தில் 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் முதலிய உழைப்பினை மேற்கொள்க என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020 ஆம் ஆண்டின் நெறியுரையில் கூறுகின்றது. நாளொன்றுக்கு இருபது நிமிடத்திற்குச் சற்று மேற்படும், அவ்வளவே.

எம் அன்னையாரையும் மருத்துவர் நடக்கச் சொன்னார். அன்னையார் சொன்ன மறுமொழியை அவர் சொன்னபடியே தருகின்றோம்: “நடக்கச் சொல்றீங்க டாக்டரய்யா, நடக்கறேன். எங்க நடக்கறதுன்னும் அந்தச் சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க.” மருத்துவர் சிரித்தார். ஆனால் அதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. ஊருக்குள் வரும் தார்ச்சாலையின் இருமருங்கும் ஓரம் என்று சொல்லத்தக்க நிலம் ஒரு முழமும் இல்லை. ஆரோவில்லைக் காண வருவோரின் வாடகைக் கார்களும், கற்சல்லி ஏற்றிய வண்டிகளும், நிதானமறியா இளைஞரின் மோட்டார் சைக்கிள்களும் அவ்வழியே விரையும். நடப்பவர் முள்வேலியில் ஒதுங்க வேண்டும். மழைக்காலமாயின் சேற்றில் இறங்க வேண்டும். அன்னையார் இப்பொழுது மொட்டைமாடியில் துணியுலர்த்தும் கயிற்றின் கீழே இங்குமங்கும் நடக்கின்றார். சிறையிலுள்ளாரும் இவ்வாறு நடப்பர் என்று கேள்வி.

தந்தையாரின் மிதிவண்டி நின்றதும் இச்சாலையாலேதான். ஆலை மூடுதற்குச் சில ஆண்டுகட்கு முன், பெருஞ்சாலையைக் கடக்கையில் பின்வந்த சரக்கு வண்டியொன்று அவரை உராய்ந்து சென்றது. முழங்கை முறிந்தது, உயிர் தப்பியது. அன்று முதல் வீட்டார் அவரை அவ்வண்டியைத் தொடவிடவில்லை. அது திண்ணையில் சாத்தப்பெற்றது. அதனருகே மூன்றாண்டுகளாக மற்றொரு வண்டியும் நிற்கின்றது. எம் தமக்கை மகள் பதினோராம் வகுப்பில் அரசினரிடம் இலவசமாகப் பெற்றது அஃது. பெருஞ்சாலையைக் கடக்க வேண்டுமே என்னும் அச்சத்தால் அவள் அதனைப் பள்ளிக்கு ஓட்டிச் செல்ல எவரும் இசைந்திலர். அவள் இன்று கல்லூரிக்குப் பேருந்திற் செல்கின்றாள். வண்டியின் இருக்கையைச் சுற்றிய தாள்கூட இன்னும் முழுதும் கிழியவில்லை.

திண்டிவனம் என்னும் பெயர் திந்திரிணி வனம் என்பதன் திரிபென்பர். புளியங்காடு என்பது பொருள். அப்பெயருக்குச் சான்றாக நின்றவை சாலையோரப் புளியமரங்கள். சாலை விரிவாகுந்தோறும் முதலில் வீழ்வன அவையே. மரம் வீழ்ந்ததும் நிழல் போகின்றது, நிழல் போனதும் நடப்பவர் போகின்றார், நடப்பவர் போனதும், “இங்கு நடப்பவரே இல்லையே, நடைபாதை எதற்கு?” என்று கேட்பார் வருகின்றார். நாற்கரச் சாலையை யாம் வெறுப்பவர் அல்லோம். நோயாளியைச் சென்னைக்கு விரைந்து கொண்டு செல்ல அது உதவுகின்றது. நெல்லும் மல்லாட்டையும் சந்தைக்கு அதன்வழியே செல்கின்றன. ஆயினும் இரு நகரங்களை இணைக்கும் சாலை, இடையிலுள்ள ஊர்களை நடுவே அறுத்துவிட்டது. இப்புறத்தான் நிலம் அப்புறம். அப்புறத்தாள் பள்ளி இப்புறம். ஊர்தியின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 60 ஆக உயரின், மோதும் ஆற்றல் இருமடங்கன்று, நான்மடங்காகும் என்பதை நம் பௌதிக ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டியதை நண்பர்கள் நினைவுகூர்க. 2022 ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்பது நடுவணரசு வெளியிட்ட கணக்கு. அவருள் நடந்து சென்றோர் மட்டும் 32,825 பேர். நாளொன்றுக்கு ஏறக்குறைய 90 பேர் நடந்து சென்றமையாலேயே மாண்டனர்.

சொல்லொன்றைப் பற்றி ஈண்டு இடைப்பிறவரலாகக் கூற விழைகின்றோம். ‘கால்நடை’ என்பது காலால் நடத்தலைக் குறிக்கும் நல்ல சொல். ‘கால்நடையாகச் சென்றான்’ என்று நம் பாட்டன்மார் எழுதினர். இன்று அச்சொல் ஆடுமாடுகட்கே உரியதாகி, அவற்றுக்கு மருத்துவமனையும் துறையும் அமைந்துவிட்டன. காலால் நடக்கும் மாந்தர்க்குத் துறை ஏதும் இல்லை.

மக்கள் சோம்பிவிட்டனர், நடக்க மனமில்லை என்று பலர் குறைகூறக் கேட்டிருக்கின்றோம். இக்கூற்று பொய்யென்பதற்கு எம் ஊரின் இருமருங்கும் இரு சான்றுகள் உள. ஆரோவில்லின் மாத்ரிமந்திரைக் காண வருவோர் தம் ஊர்திகளை வருகையாளர் மையத்தருகே நிறுத்திவிட்டு, காட்சிமேட்டிற்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடந்தே செல்ல வேண்டும். மரநிழலினூடே செல்லும் செம்மண் பாதை அது. ஆலமொன்று விழுதூன்றி நிற்கும். சென்னையிலும் பெங்களூரிலும் முனைக்கடைக்கும் மோட்டாரிற் செல்வோர் இங்கே குழந்தையைத் தோளிலேற்றி, பாட்டியின் கைபிடித்து, முகமலர்ச்சியோடு நடக்கின்றனர். அவர்க்கு எவரும் உடல்நலச் சொற்பொழிவு செய்யவில்லை. பாதை நன்றாயிருந்தது, நடந்தனர்.

மற்றது புதுச்சேரிக் கடற்கரைச் சாலை. மாலை 6 மணி முதல் மறுநாட் காலை 7.30 மணி வரை ஊர்திகள் அங்கே புகுதல் கூடாது என்பது விதி. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலையில் மாலைதோறும் பார்க்க வேண்டும்! தள்ளுவண்டிக் குழந்தை முதல் கோலூன்றிய கிழவர் ஈறாக அனைவரும் கடற்காற்று வாங்கி நடப்பர். பெண்கள் தனித்தும் அச்சமின்றி உலவுவர். இதற்குப் பெருஞ்செலவு ஏதும் ஆகவில்லை. இரண்டொரு தடுப்புகளும் அவற்றைக் காக்கச் சில காவலருமே. எம் இளவல் மருத்துவர் சொற்கேட்டு வாரத்தில் மூன்று நாள் இரும்பையிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏழு மைல் சென்று, அக்கடற்கரையில் ஒரு மைல் நடந்து, மீண்டும் ஏழு மைல் மோட்டார் சைக்கிளில் வருகின்றான். பெட்ரோல் எரித்து நடக்கும் இவ்விந்தையைத் தந்தையாரால் இன்றுவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை.

ஆரோவில்லைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும்; எம் ஊர் வாயிலிலே ஒரு நகரம் முழுவதையும் வரைபடத்தில் முதலில் எழுதிப் பின் கட்டத் தொடங்கிய நிகழ்ச்சி அஃது. 1968 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28 ஆம் நாள், 124 நாடுகளின் மண்ணைப் பளிங்குத் தாழியிலிட்டு அந்நகர்க்குத் தொடக்கவிழாச் செய்தனர். அந்நாளில் அம்மேட்டு நிலம் மரமற்ற செம்மண் கட்டாந்தரை. மழை பெய்தால் மண் கரைந்து கடல் சிவக்கும் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இன்றுள்ள காடு பின்னர்க் கையால் நட்டு வளர்த்தது. அதில் எம் சுற்றூர் மக்களின் கூலியுழைப்பும் கலந்துள்ளது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆங்கர் வரைந்த திட்டத்தில் 50,000 பேர் வாழ்வதற்கென ஒரு வட்டநகரம் விண்மீன் மண்டிலம்போற் சுழன்று விளங்கும். நகரப்பகுதியின் விட்டம் 2.5 கிலோமீட்டர், அதனைச் சூழ 1.25 கிலோமீட்டர் அகலமுள்ள பசுமை வளையம்.

இவ்வெண்களை நண்பர்கள் சற்று நோக்குக. விட்டம் 2.5 எனின், விளிம்பினின்று நடுவிற்கு 1.25 கிலோமீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர் கால்மணி நேரத்தில் நகரின் நடுவை எய்துவர். பாரிசு நகரில் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ ‘பதினைந்து நிமிட நகரம்’ என்னும் கொள்கையை 2016 ஆம் ஆண்டு முதல் பரப்பி, அந்நகரத்தலைவர் 2020 ஆம் ஆண்டுத் தேர்தலில் அதனை முன்வைத்தபொழுது உலகெங்கும் புதுமையெனப் பேசினர். அப்பதினைந்து நிமிடம் எம் வேலிக்கு அப்பால் அரை நூற்றாண்டாகத் தாளில் கிடக்கின்றது.

தாளில் என்றோம், ஏனெனின் நடப்பில் ஆரோவில்லும் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளிலேயே செல்கின்றது. மரங்களினூடே வளைந்து செல்லும் நல்ல மிதிவண்டித் தடங்கள் பல அங்கே உள. அவற்றிற் சென்றவர் மறவார். ஆயினும் ஐம்பதினாயிரம் பேர்க்கென வகுத்த நிலத்தில் சில ஆயிரவரே வாழ்வதால் வீடும் கடையும் பள்ளியும் ஒன்றற்கொன்று எட்டமாகிவிட்டன. வட்டச்சாலை அமைத்தற்பொருட்டு 2021 ஆம் ஆண்டு டிசம்பரில் மரங்கள் வீழ்த்தப்பட்டதும், 2022 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதி பெறாது மேற்கொண்டு செய்தலாகாதென விதித்ததும், 2025 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியதும் செய்தித்தாள் படிப்போர் அறிந்தவை. மரமா சாலையா என்னும் அவ்வழக்கில் புகுதல் எம் கருத்தன்று. வேலிக்கு வெளியே நின்று யாம் நோக்குவது வேறொன்று. நாள்தோறும் இரும்பை, கோட்டக்கரை, இடையன்சாவடி, குயிலாப்பாளையம் முதலிய ஊர்களிலிருந்து தோட்டத்திற்கும் பட்டறைக்கும் சமையலறைக்கும் அவ்வட்டத்துள் செல்வோர் மிகப் பலர். அவருட் பெண்டிர் பெருந்தொகையினர். முன்பு நடந்தனர், பின்பு மிதிவண்டி, 1980 ஆம் ஆண்டில் வந்த டிவிஎஸ் 50 பரவிய பின் அதன் பின்னிருக்கை. வட்டத்தின் உள்ளே நடப்பவரைக் கருதிய வரைபடம், வட்டத்திற்கு நடந்து வருபவரைக் கருதிற்றா? ஒரு நகரின் நடைபாதை அந்நகரின் எல்லைக்கல்லோடு முடிந்துவிடுமாயின், அது பூங்காவின் பாதையேயன்றி ஊரின் பாதையாகாது.

இவ்வாறு காலால் ஊரை அளந்து பார்க்க வேண்டும் என்று நம் மாகாணத்திற்கு நூறாண்டுகட்கு முன்னரே வந்து சொன்னவர் ஒருவருண்டு. ஸ்காத்லாந்து நாட்டு உயிரியலறிஞர் பாட்ரிக் கெடிஸ், சென்னை ஆளுநர் பெந்த்லாந்து பிரபுவின் அழைப்பை ஏற்று 1914 ஆம் ஆண்டில் ஈண்டு வந்தார். அவர் பன்னாட்டு நகரங்களின் வரைபடங்களும் ஓவியங்களும் கொண்ட கண்காட்சியொன்றைக் கப்பலில் அனுப்பியிருந்தார். சென்னைமேற் குண்டு வீசியதால் நம் பேச்சுவழக்கில் வல்லாளனுக்குப் பெயராகிவிட்ட அந்த எம்டன் கப்பல், அவ்வாண்டு அக்டோபரில் அக்கண்காட்சியையும் கப்பலோடு கடலில் அமிழ்த்திவிட்டது! கெடிஸ் மனந்தளராது புதிதாகத் திரட்டி 1915 இல் சென்னையிற் காட்டினார். நம் நகரங்கள் பலவற்றை நேரிற் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். நெருக்கமான பழந்தெருக்களை இடித்து நேர்கோட்டிற் பெருஞ்சாலை கிழிப்பதை அவர் கண்டித்தார். பழுதான சிறுபகுதியை மட்டும் நீக்கி, எஞ்சியதைக் காத்து, மரமும் கிணறும் திண்ணையும் உள்ளபடியே விளங்கச் செய்க என்றார். 1920 ஆம் ஆண்டில் சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. சட்டம் நூலேறிற்று, கெடிசின் கண்ணும் காலும் அதனோடு ஏறின என்று சொல்வதற்கில்லை.

“இவையெல்லாம் மேல்நாட்டார்க்குப் பொருந்தும், அவர்கள் இயல்பாகவே மிதிவண்டி ஓட்டுபவர்கள்” என்பார் உளர். ஹாலந்து நாட்டினரைச் சுட்டியே இது பெரிதும் பேசப்படுகின்றது. அந்நாட்டிலும் போருக்குப்பின் மோட்டார் பெருகிச் சாலைகள் கொலைக்களமாயின. 1971 ஆம் ஆண்டில் மட்டும் சாலையில் மாண்டோர் ஏறத்தாழ 3,300 பேர். அவருட் குழந்தைகள் 400 பேர்க்கு மேல். பெற்றோர் தெருவில் இறங்கினர். ‘குழந்தைக் கொலையை நிறுத்துக’ என்பதே அவர்தம் இயக்கத்தின் பெயர். அதன் பின்னரே அவர்கள் இன்று நாம் படத்திற் காணும் மிதிவண்டிப் பாதைகளைக் கட்டினர். இயல்பு என்று நாம் நினைப்பது போராடிப் பெற்றது.

நம் நாட்டிலும் இல்லாமற் போகவில்லை. சென்னை மாநகராட்சி 2014 ஆம் ஆண்டில் மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கையொன்றை ஏற்று, போக்குவரத்துச் செலவில் நூற்றுக்கு 60 பங்கேனும் நடப்போர்க்கும் மிதிவண்டியோர்க்கும் உதவ வேண்டுமென வகுத்தது. 2019 ஆம் ஆண்டில் தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை திறக்கப்பெற்றது. முன்பு கடைச்சரக்கிற்கும் நிறுத்திய கார்களுக்கும் இடையே பக்கவாட்டில் நுழைந்து சென்ற இடத்தில் இன்று குடும்பத்தோடு அமர இருக்கைகளும் உள. கொள்கை முழுவதும் நிறைவேறிற்றென்று எவரும் சொல்லார். சென்னையில் இரண்டு தெரு நடந்தவர் எவரும் நிச்சயமாகச் சொல்லார்.

இவையனைத்தினும் எம் உள்ளத்தைக் கவர்ந்தது புதுக்கோட்டை நிகழ்ச்சி. 1991 ஆம் ஆண்டையொட்டி, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தார் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் சிற்றூர்ப் பெண்களுக்குப் பயிற்சி தந்தனர். வயலில் உழைப்பவர், கல்லுடைப்பவர், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், பள்ளிச் சிறுமியர் என ஓர் இலக்கத்திற்கு மேற்பட்டோர் கற்றனரென்று இதழாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். பெண்கள் ஏறுதற்குரிய வண்டி கடைகளில் தீர்ந்துபோகவே, ஆண்கள் வண்டியையே வாங்கி ஓட்டினர்; குறுக்குத்தண்டில் குழந்தையை அமர்த்துதற்கு அஃது உதவிற்றாம். முதலில் ஏளனம் செய்தோரும் இருந்தனர். ஆயினும் தண்ணீர்க் குடத்திற்கும் சந்தைக்கும் ஆடவனையோ பேருந்தையோ எதிர்நோக்கி நின்ற ஒருத்தி, தான் நினைத்த நேரத்தில் தானே சென்று மீண்டாள். அவ்விடுதலையை எண்ணால் அளக்க முடியாது. உடல்நலம் உடன் வந்தது. அதன்பொருட்டு எவளும் ஏறவில்லை.

அதற்குப் பத்தாண்டு கழித்து, 2001–02 ஆம் கல்வியாண்டில், நம் அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு மிதிவண்டி வழங்கத் தொடங்கிப் பின் அதனை அனைத்துப் பிரிவு மாணாக்கர்க்கும் விரித்தது. நாட்டிற்கே முன்மாதிரியான நற்செயல் என்று யாம் மனமாரப் போற்றுகின்றோம். ஆயின் வண்டி ஈந்தவர் வழியையும் ஈதல் வேண்டும் அன்றோ? எழுதுகோல் கொடுத்துவிட்டுத் தாள் கொடாதிருப்பின் மாணாக்கன் என் செய்வான்? எம் திண்ணையிலுள்ள வண்டியைப் போன்றன எத்துணைத் திண்ணைகளில் நிற்கின்றனவோ!

வேண்டுவன பெரியனவும் அல்ல. நடைபாதையில் தடையின்றி நடத்தற்கு 1.8 மீட்டர் அகலமேனும் வேண்டும், அதன் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மிகலாகாது என்று இந்தியச் சாலைப் பேராயம் 2012 ஆம் ஆண்டு நெறிமுறையில் வகுத்துள்ளது. உயரம் மிகின் முதியோர் ஏறார். ஏறாத பாதை கடைக்காரனின் பெட்டிகட்கே உதவும். எம் ஊர்ச்சாலையின் ஒருபுறமேனும் அவ்வளவு இடம் விடலாம். பெருஞ்சாலையைக் கடக்குமிடத்தில் வேகத்தைக் குறைக்கும் மேட்டுக்கடவையும், நடுவே நின்று இளைப்பாற ஒரு திட்டும், இரவில் விளக்கும் அமைக்கலாம். மேலே ஏறி இறங்கும் பாலத்தை யாம் வேண்டவில்லை. நாற்பது படியேறி நாற்பது படியிறங்கும் கடமையை ஊர்தியில் அமர்ந்திருப்பவனுக்கு விதிக்காது, தலையிற் புல்லுக்கட்டோடு வருபவளுக்கு விதித்தல் என்ன நீதி? ஓரத்தில் புளியங்கன்றும் புங்கங்கன்றும் நடலாம். அன்னையார் காலத்தில் நிழல் தாராவிடினும் தமக்கை மகள் காலத்தில் தரும்.

இவற்றைக் கேட்டு எம் ஊரார் சிலர் சேர்ந்து அலுவலகம் ஒன்றற்கு விண்ணப்பம் எழுதினோம். சாலையிற் செல்லும் ஊர்திகளுக்குக் கணக்கு உண்டு, கடந்து செல்லும் ஆட்களுக்குக் கணக்கு இல்லை, ஆதலின் தேவை இன்னதென அறியக்கூடவில்லை என்று வாய்மொழியாக மறுமொழி கிடைத்தது. எம் தமக்கை மகள் இதனைக் கேட்டு, தன் தோழியர் மூவரோடு கோடிட்ட நோட்டுப்புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, காலை 6 மணிக்குச் சாலை முனையிலுள்ள தேநீர்க் கடை விசிப்பலகையில் போய் அமர்ந்தாள். நடப்பவர்க்கு ஒரு பத்தி, மிதிவண்டிக்கு ஒரு பத்தி; பள்ளிச் சீருடையர்க்குத் தனியே ஒரு குறி, சுமை உடையார்க்கு ஒரு குறி, கடக்க முயன்று பின்வாங்கியவர்க்கு ஒரு குறி. தேநீர்க் கடைக்காரர் முதலில் ஐயுற்று நோக்கினார். பின் தாமே, “இதோ பாரும்மா, அந்தப் பெரியவரு மூணாந்தரம் எறங்கி ஏர்றாரு, எழுதிக்க” என்று துணைசெய்யத் தொடங்கினார். இருட்டும் வரை எழுதி ஏழு பக்கம் நிரப்பினர். இரண்டாம் விண்ணப்பத்தோடு அப்பக்கங்களின் படியும் சென்றுள்ளது. வாரச் சந்தை நாளொன்றில் மறுமுறை எண்ணுவதாக இருக்கின்றனர். தந்தையாரும் உடன்வந்து மிதிவண்டிப் பத்தியைத் தாம் எழுதுவதாகக் கூறியிருக்கின்றார்.